ஐம்பதிலும் வளையும்!

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று நம் முன்னோர் ஒரு கேள்வியைக் கேட்டு வைத்தார்கள். அதைச் சொல்லிச் சொல்லியே, வயது வந்தவர்களுக்குப் புதிதாக எதையும் கற்பிக்க முடியாதென்று முடிவு கட்டிவிட்டோம். ஆலைகளிலும் ஆபீஸ்களிலும் பயிற்சி வகுப்பு என்று ஒன்று நடக்கத்தான் நடக்கிறது. மேடையில் ஒருவர் மூன்று மணி நேரம் பேசுவார். பின் வரிசையில் பாதிப் பேர் உறங்குவார்கள். முடிவில் காபியும் அத்தாட்சிப் பத்திரமும் கிடைக்கும். மறுநாள் வேலை பழையபடியே! இது ஐம்பதின் குற்றமா, வளைக்கத் தெரியாதவர்களின் குற்றமா?

இதற்கு விடை தர்மபுரி ஜில்லாவில் இருக்கிறது. கல்ராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவிலுள்ளது சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கு. டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா ரெஜி என்னும் தம்பதிகள் 1993-ல் அங்கே சென்று ஒரு குடிசையில் வைத்தியசாலை தொடங்கினார்கள். அந்நாளில் அங்கே பிறந்த 1000 சிசுக்களில் ஏறக்குறைய 150 ஓராண்டு நிறைவதற்குள் மாண்டுபோயின. அவசரமென்றால் அரூருக்குச் சுமார் 50 கிலோமீட்டர் போக வேண்டும்.

பட்டம் பெற்ற தாதிகள் இந்த மலைக்காட்டைத் தேடி வருவார்களா? ஆகவே, உள்ளூர்ப் பெண்களையே பழக்குவதென்று டாக்டர்கள் துணிந்தார்கள். கொஞ்சம் பள்ளிப் படிப்புள்ள மலையாளிப் பழங்குடி யுவதிகள் ஆஸ்பத்திரியிலேயே வேலை கற்று, பிரசவம் பார்க்கவும் ரண சிகிச்சைக்குத் துணை நிற்கவும் தேர்ந்தார்கள். குக்கிராமங்களில் வயது முதிர்ந்த பெண்கள் சுகாதாரத் துணைவிகளாகி, கர்ப்பிணிகளின் போஷாக்கையும் சிசுக்களின் சுத்தத்தையும் கவனித்தார்கள். பிற்காலத்தில் அந்தச் சிசு மரணம் 1000-க்கு 20 என்ற அளவுக்கு இறங்கியது.

இதன் சூட்சுமம் என்ன? குழந்தை பிழைக்க வேண்டுமென்ற தாபம் கற்றவர்களின் நெஞ்சிலேயே இருந்தது. கற்ற இடமும் வேலை செய்யும் இடமும் ஒன்றாக இருந்தன. இன்று கற்றது நாளையே கைக்கு உதவிற்று.

பிரேஸில் தேசத்து அறிஞர் பாவ்லோ ஃப்ரேயிரேயும் இவ்வழியே சென்றவர்தான். 1963-ல் அங்கிகோஸ் என்னும் ஊரில் சுமார் 300 தொழிலாளருக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவிக்க அவர் முனைந்தார். அவருடைய பாடம் அரிச்சுவடியிலிருந்து தொடங்கவில்லை. அத்தொழிலாளர் தினமும் புழங்கும் சொற்களிலிருந்தே தொடங்கிற்று.

சிட்டிலிங்கியில் இன்னொரு விந்தையும் உண்டு. அங்குள்ள லம்பாடிப் பெண்கள் தங்கள் குலத்துக்குரிய பூத்தையலை மறந்திருந்தார்கள். அது நினைவிலிருந்த முதியவள் இருவரைக் கொண்டே மற்றவர்களுக்குக் கற்பிக்கத் தொடங்கினார்கள். அதிலிருந்து எழுந்த கைத்தொழில் ஸ்தாபனத்துக்குப் பெயர் 'போர்கை'. அவர்கள் பாஷையில் 'பெருமை' என்று பொருள். பாட்டிமாரே உபாத்தியாயர்!

பயிற்சி வகுப்பு நடத்தும் முதலாளிகளும் அதிகாரிகளும் இதைக் கவனிக்க வேண்டும். வயது வந்தவர் வெறும் பாத்திரமல்ல. அனுபவம் நிறைந்த பாத்திரம். பேசுவதற்கு முன், "உங்கள் வேலையில் எது தடுக்கிறது?" என்று கேளுங்கள். கையில் வேலையைக் கொடுத்துக் கற்பியுங்கள். தவறினால் திருத்துங்கள், நாலு பேர் முன்னிலையில் நகையாடாதீர்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி போய்ப் பாருங்கள். அப்போது ஐம்பதும் வளையும், அறுபதும் வளையும்.