சிவிலைசேஷன் 6: முதல் நூறு டர்னில் பேரரசுக்கு அடித்தளம்

சிவிலைசேஷன் 6 விளையாட்டைத் தொடங்கியதும் உங்கள் கையில் இருப்பவை இரண்டே: ஒரு செட்லர் (புது நகரம் அமைக்கும் குடியேறிகள்), ஒரு வாரியர் (தடி ஏந்திய காலாள்). ஆண்டு கி.மு. 4000. சுற்றிலும் என்ன இருக்கிறதென்றே தெரியாது. இதை வைத்துக்கொண்டு பேரரசை எப்படிக் கட்டுவது என்று மலைத்து நிற்கிறீர்களா? உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு நிம்மதியான செய்தி. ஃபிராக்ஸிஸ் நிறுவனம் உருவாக்கி 2016-இல் வெளியான இந்த விளையாட்டில் விரல்வேகம் தேவையில்லை. சதுரங்கம் போல உங்கள் டர்ன் (உங்கள் முறை) வரும். யோசித்து நகர்த்திவிட்டு முடிக்கலாம். இடையில் எழுந்துபோய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தாலும் யாரும் உங்கள் நகரத்தைப் பிடித்துவிட மாட்டார்கள். வழக்கமான வேகத்தில் ஓர் ஆட்டத்துக்கு 500 டர்ன்.

எப்படி ஜெயிப்பது? அறிவியல், பண்பாடு, மதம், படைபலம் என்று வழிகள் பல. ‘கேதரிங் ஸ்டார்ம்’ என்ற விரிவாக்கம் உங்களிடம் இருந்தால் ராஜதந்திர வெற்றியும் உண்டு. இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று முதல் நாளே குழம்ப வேண்டாம். எந்த வழிக்கும் அடித்தளம் ஒன்றுதான்: சீக்கிரமாக, நிறைய நகரங்கள். புதிதாக ஆடுகிறவர்கள் பெரும்பாலும் தோற்பது போரில் அல்ல. இரண்டு மூன்று நகரங்களோடு நின்று அவற்றை அழகுபடுத்திக்கொண்டே இருப்பதால்தான் பின்தங்கிவிடுகிறார்கள்.

ஒரே நகரத்தைப் பெரிதாக வளர்த்தால் போதாதா? போதாது. இந்த விளையாட்டின் உயிர்நாடி டிஸ்ட்ரிக்ட் (ஒரு தொழிலுக்கென நகரத்துக்கு வெளியே தனிக் கட்டத்தில் எழுப்பும் பேட்டை). கேம்பஸ் கல்விக்கு, கமர்ஷியல் ஹப் வணிகத்துக்கு, ஹோலி சைட் வழிபாட்டுக்கு. ஒரு நகரத்தில் மக்கள்தொகை 1 இருந்தால் ஒரு பேட்டை. அடுத்தடுத்த பேட்டைகளுக்கு மக்கள்தொகை 4, 7, 10 என்று ஏற வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 பேர் உள்ள ஒரே நகரத்தில் நான்கு பேட்டை. அதே 12 பேர் நாலு நாலு பேராக மூன்று நகரங்களில் இருந்தால் ஆறு பேட்டை. சிறிய நகரங்கள் சீக்கிரம் வளரும் என்பதால் அந்த ஆறும் முன்னதாகவே கிடைத்துவிடும். ஐந்தாம் பதிப்பு ஆடியவர்களுக்கு நான்கு நகரம் போதும் என்ற பழக்கம் இருக்கும். அதில் ஒவ்வொரு புது நகரமும் ஆராய்ச்சியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தது. இதில் அந்தத் தண்டனை இல்லை. அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

அப்படியானால் எத்தனை? 50-ஆவது டர்ன் வாக்கில் நான்கு, 100-ஆவது டர்னில் எட்டு முதல் பத்து. வரைபடம் சிறியதென்றால் ஒன்றிரண்டு குறையலாம்.

நகரத்தை எங்கே வைப்பது? தண்ணீரைப் பாருங்கள். ஆறு, ஏரி, ஊற்று எதையாவது ஒட்டி அமைத்தால் ஹவுசிங் (மக்கள் குடியிருக்க இடம்) 5 கிடைக்கும். கடலோரம் மட்டும் என்றால் 3. இரண்டும் இல்லையென்றால் 2. இடம் நிரம்ப நிரம்ப ஊர் வளர்வது மெதுவாகிவிடும். இரண்டு நகரங்களுக்கு இடையே குறைந்தது மூன்று கட்டம் விட வேண்டும் என்பது விதி. பலரும் ஏழெட்டுக் கட்டம் விட்டு நிலத்தை வீணாக்குகிறார்கள். நெருக்கமாகவே வையுங்கள். காவலும் எளிது, பேட்டைகள் ஒன்றையொன்று ஒட்டி நின்று கூடுதல் பலனும் தரும்.

முதலில் எதைக் கட்டுவது? ஒரு ஸ்கவுட் (வேவுக்காரர்), ஒரு ஸ்லிங்கர் (கவண்காரர்), உடனே செட்லர். ‘ஊரைக் காக்கப் படை வேண்டாமா?’ என்று கேட்பீர்கள். கொஞ்சம் வேண்டும், காரணம் பார்பேரியன்கள் (எந்த நாட்டையும் சேராத கொள்ளைக் கூட்டம்). முதலில் அவர்களுடைய வேவுக்காரன் ஒருவன் வருவான். உங்கள் ஊரைக் கண்டதும் அவன் தலைமேல் ஆச்சரியக்குறி தோன்றும். அவன் முகாமுக்குத் திரும்பிவிட்டால் பெருங்கூட்டம் புறப்பட்டு வரும். திரும்புவதற்குள் மடக்கிக் கொன்றுவிட்டால் பெரிய தொல்லை தீர்ந்தது. அதனால் வாரியரை வெகுதூரம் அனுப்பாமல் ஊர்ப்பக்கமே வைத்திருங்கள்.

செட்லருக்கு ஒரு விலை உண்டு. அதை உருவாக்கும் நகரத்தில் ஒரு மக்கள்தொகை குறையும், ஆகவே ஊரில் குறைந்தது 2 இருக்க வேண்டும். முதல் செட்லருக்கு 80 உற்பத்திப் புள்ளி, அடுத்ததற்கு 110 என்று செலவும் ஏறிக்கொண்டே போகும். இதைக் குறைக்க வழி இருக்கிறது. ‘எர்லி எம்பயர்’ என்ற சமூக முன்னேற்றத்தை எட்டினால் ‘காலனைசேஷன்’ கொள்கை அட்டை கிடைக்கும்; செட்லர் உருவாக்கும் வேகம் அரை மடங்கு கூடும். அட்டையைப் போட்ட பிறகு செட்லர்களை வரிசையாக உருவாக்குங்கள். விரிவாக்கப் பதிப்பில் மேக்னஸ் என்ற ஆளுநர் உண்டு. அவருக்கு ‘ப்ரொவிஷன்’ பதவி உயர்வு கொடுத்தால், அவர் இருக்கும் ஊரில் செட்லர் எடுத்தாலும் மக்கள்தொகை குறையாது.

இந்தக் கட்டத்தில் உலக அதிசயங்கள் உங்கள் கண்ணை இழுக்கும். ஸ்டோன்ஹென்ஜுக்கு 180 புள்ளி ஆகும். முதல் இரண்டு செட்லர்களுக்குச் சேர்த்து ஆவது 190. அதிசயத்தை வேறு நாடு முந்திக் கட்டிவிட்டால் உங்களுக்கு அது கிடைக்காது. செட்லரை எவரும் பறிக்காமல் காத்தால் இரண்டு நகரம் நிச்சயம். ஆரம்பத்தில் அதிசயங்களை எதிராளிக்கு விட்டுக்கொடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து.

பில்டர் (நிலத்தைச் செப்பனிடும் தொழிலாளர்) மூன்று வேலை செய்துவிட்டு மறைந்துவிடுவார். அந்த மூன்றை எங்கே செலவிடுவது? இங்கேதான் யுரேகா (ஒரு காரியத்தைச் செய்து முடித்தால் ஆராய்ச்சிக்குக் கிடைக்கும் பெரிய தள்ளு) கைகொடுக்கும். உணவுப் பயிர் விளையும் கட்டத்தில் பண்ணை போட்டால் பாசன ஆராய்ச்சி முன்னேறும். கல் குவாரி அமைத்தால் கொத்துவேலை முன்னேறும். மூன்று நிலங்களைச் சீர்செய்தால் ‘கிராஃப்ட்ஸ்மேன்ஷிப்’ என்ற சமூக முன்னேற்றமும் இதே போலச் சீக்கிரம் வரும். கவண்காரர் கையால் ஓர் எதிரி விழுந்தால் வில்வித்தை ஆராய்ச்சி வெகுவாக முன்னேறும். வாரியரை வைத்து எதிரியைச் சோர்வாக்கி, கடைசி அடியைக் கவண்காரருக்கு விட்டுவிடுங்கள்.

பேட்டைகளில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தெரிந்தால் வெகுவாக மிச்சமாகும். ஆராய்ச்சி முன்னேற முன்னேறப் பேட்டையின் செலவு ஏறும். ஆனால் இடத்தைக் குறித்து அடிக்கல் நாட்டிவிட்டால் அந்த நாள் விலையே நிலைக்கும். உடனே கட்ட வேண்டாம், இடத்தை மட்டும் பிடித்து வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போகலாம். எந்த இடம் நல்லது? கேம்பஸுக்கு மலையோரம், கமர்ஷியல் ஹப்புக்கு ஆற்றோரம்.

அது போலவே டிரேடரை (வணிகர்) முதலில் உங்கள் சொந்த நகரங்களுக்கிடையே அனுப்புங்கள். உணவும் உற்பத்தியும் வரும். அவர் நடந்த தடத்தில் சாலையும் உருவாகிவிடும். பிற்பாடு படை நகர அது உதவும்.

இப்படிப் பரவினால் நாடு சிதறாதா? நியாயமான பயம். இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். ஒன்று, அமெனிட்டி (மக்களின் வசதியும் மனமகிழ்ச்சியும்). பட்டு, மசாலா, முத்து போன்ற ஆடம்பரப் பொருள் ஒவ்வொன்றும் நான்கு நகரங்களை மகிழ்விக்கும். அதே பொருள் இரண்டாவதாக இருந்தால் பலனில்லை, பக்கத்து நாட்டுக்குக் கொடுத்து அவர்களிடம் உள்ள வேறொன்றை வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று, விரிவாக்கங்களில் வரும் லாயல்ட்டி (நகரத்தின் பற்று). ஒன்பது கட்டத்துக்குள் இருக்கும் நகரங்கள் ஒன்றையொன்று இழுக்கும். வேற்று நாட்டின் பெரிய ஊர்களுக்கு நடுவே தன்னந்தனியாக ஓர் ஊர் வைத்தால், சில டர்ன்களில் அது கைநழுவிப் போகும். சொந்த ஊர்களிலிருந்து படிப்படியாக வெளியே விரிவதே பாதுகாப்பு.

அண்டை நாடு மிக அருகில் இருந்து, நிலம் தீர்ந்துவிட்டால்? அப்போதுதான் போர். மதில் எழும்புவதற்கு முன் தாக்க வேண்டும். வில்லாளிகள் நால்வர் ஊரின் பலத்தைக் குறைக்கட்டும். ஆனால் வில்லாளியால் ஊருக்குள் நுழைய முடியாது. காலாள் ஒருவரோ இருவரோ கூட இருந்தே ஆக வேண்டும். மதில் எழும்பிவிட்டால் பேட்டரிங் ராம் (மதிலை இடிக்கும் மரத்தாலான கருவி) இல்லாமல் போகாதீர்கள், படை வீணாகும்.

நம் சோழர்கள் இதில் உண்டா என்று கேட்பவர்களுக்கு: இந்தப் பதிப்பில் ஆடத்தக்க நாடாக இல்லை. ஆனால் கடற்படைத் தளபதிகளின் வரிசையில் ராஜேந்திர சோழன் வருவார். துறைமுகம் கட்டி முயன்றால் அவரை உங்கள் பக்கம் சேர்க்கலாம். 2025-இல் வந்த ஏழாம் பதிப்பில் சோழர்களையே தேர்ந்தெடுத்து ஆடலாம்.

100-ஆவது டர்னில் ஒருமுறை நிறுத்தி, உங்கள் நிலத்தைப் பாருங்கள். மலையோரக் கேம்பஸ்கள் நாலைந்து இருந்தால் அறிவியல் வெற்றி. வழிபாட்டுத் தலங்களோடு சொந்த மதமும் தொடங்கியிருந்தால் மத வெற்றி. படை வலுவாக, அண்டை நாடு பலவீனமாக இருந்தால் தலைநகரங்களைப் பிடிப்பது. ஒவ்வொரு எதிரியின் முதல் தலைநகரமும் உங்கள் கையில் வர வேண்டும். கடினநிலையில் ‘பிரின்ஸ்’ என்பதில் கணினிக்கும் உங்களுக்கும் சமமான நிலை. முதல் ஆட்டத்தை அதற்கு ஒரு படி கீழே, ‘வார்லார்ட்’ நிலையில் வைத்துக்கொள்ளுங்கள்.