165 ரூபாய் டீ-ஷர்ட்: மீதிப் பணத்தை யார் கட்டுறாங்க?

ஆபீஸ் ஆண்டு விழாவுக்கு 500 டீ-ஷர்ட் வாங்குற பொறுப்பு உங்க தலையில விழுதுன்னு வச்சுக்குவோம். திருப்பூர்ல இருந்து மூணு கொட்டேஷன் வருது: 245 ரூபாய், 230 ரூபாய், 165 ரூபாய். துணி, ஜிஎஸ்எம் எல்லாம் ஒண்ணுதான். மூணாவதை எடுத்தா ரெண்டாவதைவிட 32,500 ரூபாய் மிச்சம். மேனேஜர் பாராட்டுவார்.

ஆனா ஒரு ஆடிட்டர் இந்த இடத்தில் வேற கேள்வி கேட்பார். நூல் விலை, கரண்ட் கட்டணம் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒண்ணுதான். அப்போ அந்த 65 ரூபாய் எங்கே குறைஞ்சது? நியாயமான காரணம் இருக்கலாம்: சொந்த நிட்டிங் மெஷின், தேங்கின ஸ்டாக், ஆர்டர் இல்லாத சீசன். கேட்டுப் பாருங்க. தெளிவான பதில் வரலைன்னா, பெரிசா குறைக்க முடிஞ்ச இடம் ரெண்டுதான்: கூலி அல்லது கழிவுநீர்.

நொய்யல் கட்டின பில்

திருப்பூர் சாயப்பட்டறைக் கழிவு பல வருஷம் நொய்யல் ஆத்துல கலந்தது. பாசனத்துக்காகக் கட்டின ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்குற குட்டையா மாறிச்சு. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனாங்க. 2011 ஜனவரியில், கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியே விடாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட யூனிட்கள் நின்னுபோச்சு. அவங்களை நம்பி ஆர்டர் எடுத்த பனியன் கம்பெனிகளும் சிக்கல்ல மாட்டிக்கிட்டாங்க.

இன்னைக்கு முறையா நடக்குற சாயப்பட்டறையில் கழிவுநீரை ஆர்.ஓ.-வில் சுத்திகரிச்சு, மிஞ்சினதை ஆவியாக்கி உப்பைப் பிரிக்கிறாங்க. இதுக்குக் கரண்டும் விறகும் நிறைய செலவாகும். அந்தச் செலவு 230 ரூபாய்க்குள்ள இருக்கலாம். 165-க்குள்ள இருக்கான்னுதான் கேட்கணும்.

கூலியிலும் பாதுகாப்பிலும் மிச்சம் பிடிச்சா என்ன ஆகும்? 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் டாக்கா பக்கத்துல ராணா பிளாசா கட்டடம் இடிஞ்சு 1,100 பேருக்கு மேல இறந்தாங்க. அதுக்கு முந்தின நாளே சுவர்ல விரிசல் தெரிஞ்சிருந்தது. ஆனாலும் தையல் தொழிலாளர்களை உள்ளே போகச் சொன்னாங்க. அங்கே தைச்ச துணி வெளிநாட்டு பிராண்டுகளுக்குப் போய்க்கிட்டிருந்தது.

உட்கார்ந்த இடத்திலேயே செய்யக்கூடிய 4 செக்

1. ஜிஎஸ்டி: சப்ளையரோட ஜிஎஸ்டி எண்ணை போர்ட்டலில் போட்டா, ரிட்டர்ன் ஒழுங்கா தாக்கல் பண்றாங்களான்னு தெரியும். அவங்க தாக்கல் பண்ணலைன்னா உங்க கம்பெனியோட இன்புட் கிரெடிட்டும் சிக்கும்.

2. பி.எஃப்: இபிஎஃப்ஓ தளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடினா, மாசாமாசம் எத்தனை பேருக்குப் பணம் கட்டியிருக்காங்கன்னு பார்க்கலாம். "எங்ககிட்ட 200 டெய்லர் இருக்காங்க"ன்னு சொல்றவர் 22 பேருக்குக் கட்டியிருந்தா, மீதி 178 பேர் யாருகிட்ட வேலை செய்றாங்கன்னு கேளுங்க. பவர் டேபிள் காண்ட்ராக்டர்கிட்டன்னா, அந்தக் காண்ட்ராக்டர் விவரத்தையும் வாங்குங்க.

3. மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி: டையிங் எங்கே நடக்குதோ, அந்தப் பட்டறையோட இயக்க அனுமதி நகலைக் கேளுங்க. தைக்கிற கம்பெனியோட அனுமதியைக் காட்டினா போதாது. காலாவதி தேதியையும் பாருங்க.

4. சான்றிதழ்: எது எதைச் சொல்லுதுன்னு தெரிஞ்சுக்கோங்க. ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 துணியில் தீங்கான ரசாயனம் இருக்கான்னு பார்க்கும். கூலியைப் பத்திப் பேசாது. எஸ்ஏ 8000 தொழிலாளர் நிலைமையைப் பார்க்கும். ஜிஓடிஎஸ் ஆர்கானிக் நூலோட, பதப்படுத்தும் முறையையும் தொழிலாளர் நிலைமையையும் பார்க்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மகளிர் குழு நடத்துற சின்ன தையல் யூனிட்டுக்கு எந்தச் சான்றிதழும் இருக்காது. அதை வாங்கவே பெரிய செலவாகும். அதுக்காக ஒதுக்கிடாதீங்க. நேர்ல போய்ப் பாருங்க, தைக்கிறவங்ககிட்ட நாலு வார்த்தை பேசுங்க. சான்றிதழ் இல்லைங்கிறதுக்கும் பொறுப்பு இல்லைங்கிறதுக்கும் வித்தியாசம் இருக்கு.

மார்க் போடுறதுக்கு முன்னாடி வடிகட்டுங்க

நிறைய கம்பெனியில் விலைக்கு 50, தரத்துக்கு 30, பொறுப்புக்கு 20-ன்னு மார்க் போட்டுக் கூட்டுவாங்க. இதுல ஒரு ஓட்டை இருக்கு. குழந்தைத் தொழிலாளர் வச்சிருக்கிற சப்ளையர் பொறுப்புல பூஜ்யம் வாங்கினாலும், விலையில 50 வாங்கி ஜெயிச்சிடலாம்.

அதனால முதல்ல வடிகட்டுங்க. குழந்தைத் தொழிலாளர், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே சம்பளம், அனுமதி இல்லாத டையிங் இதுல ஒண்ணு இருந்தாலும் அந்தக் கொட்டேஷன் போட்டியிலேயே இல்லை. தாண்டி வர்றவங்களுக்கு மட்டும் மார்க் போடுங்க.

ஏற்கனவே வாங்கிட்டிருக்கிற சப்ளையர்கிட்ட சின்னக் குறை தெரிஞ்சா? உடனே ஆர்டரை வெட்டினா முதல்ல வேலை போறது அந்த டெய்லர்களுக்குத்தான். எழுத்துல சொல்லி, மூணு மாசம் டைம் குடுத்து, திரும்பச் செக் பண்ணுங்க.

நம்ம பக்கமும் கணக்கு இருக்கு

சப்ளையரை மட்டும் கேள்வி கேட்டா போதாது. கடைசி நேரத்துல கலரை மாத்துறது, பத்து நாள் வேலையை நாலு நாள்ல கேட்கிறது, இதெல்லாம் அங்கே ராத்திரி ஷிஃப்டா மாறுது. பில்லை மூணு மாசம் இழுத்தா அவங்க கூலியை இழுப்பாங்க.

இதுக்குச் சட்டமும் இருக்கு. சப்ளையர் உத்யம் பதிவுள்ள குறு அல்லது சிறு உற்பத்தியாளரா இருந்தா, எழுத்துல ஒப்பந்தம் இல்லாதபோது 15 நாளுக்குள்ள பணம் குடுக்கணும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக்கூடாது. தாண்டினா ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூணு மடங்கு வட்டி, மாசாமாசம் கூட்டு வட்டியா. அந்த வட்டியை வருமான வரியில் செலவாக் காட்டவும் முடியாது.

அதோட, 2023 நிதிச் சட்டத்தில் வந்த 43பி(எச்) விதி. கெடு தாண்டி, மார்ச் 31-க்குள்ளயும் பணம் போகலைன்னா, அந்தக் கொள்முதல் அந்த வருஷச் செலவா ஏத்துக்கப்படாது. பணம் குடுக்கிற வருஷத்துலதான் கிடைக்கும். நம்ம ஆர்டர் 230 × 500 = 1,15,000 ரூபாய். 25% வரி கட்டுற கம்பெனி 28,750 ரூபாயை ஒரு வருஷம் முன்னாடியே கட்டணும். மேனேஜர்கிட்ட பேசும்போது இந்தக் கணக்கைக் காட்டுங்க.

ஷேர், எஸ்ஐபி போடுறவங்களுக்கு

சந்தை மதிப்பில் முதல் 1,000 இடத்தில் இருக்கிற பட்டியலிட்ட நிறுவனங்கள் 2022-23 முதல் பிஆர்எஸ்ஆர் என்ற பொறுப்பு அறிக்கை தரணும்னு செபி கட்டாயமாக்கியிருக்கு. ஆண்டறிக்கையோட வரும். நீங்க ஷேர் வச்சிருக்கிற கம்பெனியோட அறிக்கையில் மூணு இடத்தைப் பாருங்க: பொறுப்பான முறையில் வாங்கின மூலப்பொருள் எத்தனை சதவீதம், சிறு நிறுவனங்கள்கிட்ட வாங்கினது எவ்வளவு, சப்ளையர்களில் எத்தனை பேரை மதிப்பீடு செஞ்சாங்க. மூணாவதுல பூஜ்யம் இருந்தா, நாளைக்குச் சப்ளையர்கிட்ட பிரச்சினை வெடிக்கும்போது கம்பெனிக்கே அது செய்தியாத்தான் தெரியும்.

இப்போ அந்த மூணு கொட்டேஷனுக்கு வருவோம். மூணு பேருக்கும் ஒரே மெயில் போடுங்க: நூல், நிட்டிங், டையிங், தையல், பிரிண்டிங்னு விலையைத் தனித்தனியா பிரிச்சுக் கேளுங்க, டையிங் எங்கே நடக்குதுன்னும் கேளுங்க. 165 ரூபாய்க்காரர் கணக்கைக் காட்டி, நாலு செக்கும் சரியா வந்தா, தாராளமா அவர்கிட்டயே வாங்குங்க. காட்ட மாட்டேன்னா, அந்த 32,500 ரூபாய் மிச்சம் இல்லை. வேற யாரோ நமக்காகக் கட்டுற பணம்.