சாவுக் கணக்கும் செலவுக் கணக்கும்

1999க்கும் 2023க்கும் இடையில் அமெரிக்காவில் ஏறத்தாழ 8 லட்சம் பேர் ஓபியாய்டு மிகையாகி இறந்திருக்கிறார்கள். டாக்டர் எழுதித்தந்த வலி மாத்திரையில் தொடங்கி, ஹெராயினுக்கு நகர்ந்து, இன்று ஃபென்டனிலில் வந்து நிற்கும் சாவுகள் இவை. 1996இல் 'ஆக்ஸிகான்டின்' மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்த பர்டியூ பார்மா, அது அடிமைப்படுத்தும் அபாயத்தைக் குறைத்துச் சொல்லி விற்ற குற்றத்தை 2007இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. பிறகு கவுண்டிகளும் நகரங்களும் வரிசையாக வழக்குப் போட்டன. 2017 இறுதியில் அவை கிளீவ்லாண்ட் கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஒன்றுதிரட்டப்பட்டன. 2021 ஜூலையில் பேரம் படிந்தது. மெக்கெஸன், கார்டினல் ஹெல்த், அமெரிசோர்ஸ்பெர்கன் என்ற மூன்று மொத்த விநியோகக் கம்பெனிகள் 18 ஆண்டுகளில் 2100 கோடி டாலர் வரையிலும், ஜான்சன் அண்ட் ஜான்சன் 9 ஆண்டுகளில் 500 கோடி டாலர் வரையிலும் தருவதாக ஒப்பந்தம். தவறு செய்தோம் என்று இவை எதுவும் ஒப்புக்கொள்ளவில்லை.

'காசு வந்தாச்சு, செலவு பண்ண வேண்டியதுதானே' என்று தோன்றும். அந்த இடத்தில்தான் அதிகாரம் வேலை செய்கிறது என்பது என் வாசிப்பு. ஒரு நாவலை வாசிப்பதுபோல ஒப்பந்தத்தையும் பிரதியாக வாசிக்க முடியும். யார் பேசுகிறார்கள், யாரைப் பற்றிப் பேசப்படுகிறது என்று கேட்க முடியும்.

முதலில், இது நஷ்டஈடு அல்ல. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு இந்த 2600 கோடியில் நேரடியாக ஒரு டாலரும் கிடையாது. பணம் அரசுகளுக்குப் போகிறது. அதில் குறைந்தது 85 சதவீதம் ஓபியாய்டுச் சீரழிவைத் தணிக்கும் வேலைக்கே செலவாக வேண்டும் என்பது நிபந்தனை. இந்த நிபந்தனை வந்ததற்கு ஒரு முன்கதை உண்டு. 1998இல் சிகரெட் கம்பெனிகள் 46 மாநிலங்களுக்கு 25 ஆண்டுகளில் 20,600 கோடி டாலர் தருவதாக ஒப்புக்கொண்டன. அதில் பெரும்பகுதி புகைப்பழக்கத்தோடு சம்பந்தமே இல்லாத செலவுகளில், பட்ஜெட் ஓட்டைகளை அடைப்பதில் கரைந்துபோனது. அந்தப் பாடத்தின் விளைவுதான் இந்த 85.

அடுத்தது பங்கீடு. எந்தக் கவுண்டிக்கு எவ்வளவு என்பதைத் தேசிய அளவிலான ஒரு சூத்திரம் தீர்மானிக்கிறது. அங்கே எத்தனை மாத்திரை இறக்கப்பட்டது, எத்தனை பேர் செத்தார்கள், எத்தனை பேர் ஓபியாய்டுக்கு அடிமையாகியிருக்கிறார்கள் ஆகிய மூன்றும் சம எடையில் எண்ணப்படுகின்றன. அதாவது சாவு ஒரு அலகாக மாறி, சதவீதமாகி, கஜானாவுக்கு வருகிறது. மக்கள்தொகையை எண்ணுவதன் ஊடாகவே நவீன அதிகாரம் உயிரை நிர்வகிக்கிறது என்று ஃபூக்கோ சொன்னதற்கு இதைவிடத் துல்லியமான விளக்கப்படம் கிடைக்காது.

கவுண்டி என்பதை நம் மாவட்டம் என்று புரிந்துகொண்டால் பாதிதான் சரி. அதற்குத் தலைமை கலெக்டர் அல்ல, தேர்ந்தெடுக்கப்பட்ட கமிஷனர்கள் குழு. சுகாதாரத் துறையும் ஜெயிலும் அதன் பட்ஜெட்டில்தான் வருகின்றன. ஜெயிலை நடத்தும் ஷெரீஃபும் ஓட்டு வாங்கி வருபவர். ஒரு உதாரணமாக வட கரோலினாவை எடுத்துக்கொள்வோம். மேற்சொன்ன 2600 கோடியில் அம்மாநிலத்தின் பங்கு 75 கோடி டாலர். அதில் 15 சதவீதத்தை மாநிலம் வைத்துக்கொள்ள, 85 சதவீதம் கவுண்டிகளுக்கும் நகரங்களுக்கும் போகிறது. வந்த பணத்தைப் பொதுக் கணக்கில் கலக்கக் கூடாது. தனி நிதியாக வைக்க வேண்டும். எந்த வேலைக்கு, எவ்வளவு, எந்தக் காலத்துக்கு என்று கமிஷனர்கள் தீர்மானம் போட்ட பிறகே செலவழிக்கலாம். வருடாவருடம் கணக்கை வெளியிட வேண்டும்.

எதற்குச் செலவழிப்பது என்பதில் இரண்டு வழிகள். முதல் வழியில் ஒரு குறுகிய பட்டியல்: மெத்தடோன், பியூபிரனார்ஃபின் போன்ற மருந்துகளோடு கூடிய சிகிச்சை, மூச்சு நின்றுபோகிறவரை மீட்கும் நலாக்சோன் விநியோகம், சுத்தமான ஊசி வழங்கல், ஜெயிலுக்குள் சிகிச்சை, மீண்டு வருபவர்களுக்கு வீடு, வேலை. இரண்டாவது வழியில் பட்டியல் நீளம். ஆனால் பலதரப்பினரையும் கூட்டித் திட்டமிட்ட பிறகுதான் அதைத் தொட முடியும்.

காகிதத்தில் நல்ல ஏற்பாடுதான். ஆனால் பட்டியல் அனுமதிக்கிறதே தவிர, கட்டாயப்படுத்துவதில்லை. ஊசி வழங்கலை ஒரு ரூபாயும் ஒதுக்காமல் ஒரு கவுண்டி தாண்டிப் போகலாம். இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. ஏற்கெனவே சிகிச்சைக்குச் செலவான வரிப்பணத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இந்தப் பணத்தை வைப்பது. கணக்குப் புத்தகத்தில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். தெருவில் கூடுதலாக ஒரு படுக்கையும் இருக்காது. பல மாநிலங்களில் இதற்குத் தெளிவான தடை இல்லை. நாடு முழுக்க இந்தப் பணத்தில் போலீஸ் கார்களும் கருவிகளும் வாங்கப்பட்டதும் நடந்திருக்கிறது. போதைக்காரனைப் பிடித்து ஜெயிலில் போடுவதும் 'தணிப்பு' என்ற சொல்லுக்குள் நுழைந்துவிடுகிறது. சொல் அவ்வளவு தாராளமானது.

இதைவிட முக்கியமாக எனக்குப் படுவது காலம். சதவீதங்கள் கையெழுத்தான அன்றே உறைந்துவிட்டன, சாவு உறையவில்லை. மாத்திரைகள் அதிகம் இறங்கிய ஊர்களின் பழைய கணக்கை வைத்து 18 ஆண்டுகளுக்குப் பணம் பாய்கிறது. இதற்கிடையே 2020இல் கறுப்பின மக்களின் போதை மிகைச் சாவு விகிதம் வெள்ளையரின் விகிதத்தைத் தாண்டிவிட்டது. தொடக்கத்தில் வெள்ளையர் நெருக்கடியாகக் கதையாடப்பட்டதன் அடையாளம் இந்தச் சூத்திரத்தில் தங்கிப்போயிருக்கிறது. அதைத் திருத்தும் வாய்ப்பு செலவுப் பக்கத்தில் மட்டுமே மிச்சமிருக்கிறது. தன் எல்லைக்குள் எந்தத் தெருவுக்கு முதலில் போவது என்பதைக் கவுண்டிதான் தீர்மானிக்கிறது.

வரவுப் பக்கத்தில் ஊசி போடுகிறவரும் செத்துப்போனவரும் எண்ணாக இருக்கிறார்கள். செலவுப் பக்கத்தில் அவர்களுக்கு நாற்காலி இல்லை. எண்ணப்படுகிறவர்கள் கேட்கப்படுவதில்லை; என்னைப் பொறுத்தவரை மொத்தப் பிரதியின் சாரமும் இதுதான்.

ஆனால் ஒரு விரிசல் உண்டு. வட கரோலினா உடன்படிக்கையின்படி, ஒவ்வொரு கவுண்டியும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பொதுமக்களுக்குத் திறந்த கூட்டம் நடத்தி, இந்தப் பணத்தை எப்படிச் செலவழிப்பது என்று கருத்துக் கேட்க வேண்டும். போய் உட்காரும் உரிமை யாருக்கும் உண்டு. அங்கே கமிஷனர்களும் ஷெரீஃபும் மட்டும் பேசினால் அது சடங்கு. போதையில் தோழனை இழந்தவரும், நேற்று ஜெயிலிலிருந்து வந்தவரும் எழுந்து 'இந்த வருஷம் நலாக்சோனுக்கு எவ்வளவு வச்சிருக்கீங்க, போன வருஷம் எவ்வளவு வச்சீங்க' என்று கேட்டால், அது அரசியல். 18 ஆண்டுப் பணத்துக்கு 18 கூட்டங்கள். அதில் சில ஏற்கெனவே முடிந்துவிட்டன.