மெருகு ஏற, விலை இறங்க

அமெரிக்க ராணுவம் 1873-இல் குதிரைப்படைக்கெனத் தேர்ந்தெடுத்த ரிவால்வர், கோல்ட் நிறுவனத்தின் ‘சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி’. .45 தோட்டா, ஏழரை அங்குலக் குழல், ஆறு அறை கொண்ட உருளை. ஒவ்வொரு முறை சுடும் முன்பும் கட்டைவிரலால் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து நிறுத்த வேண்டும். அதை விடுவிப்பது மட்டுமே விசையின் வேலை. இரண்டாம் உலகப்போரின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றபோது சுமார் 3,57,000 துப்பாக்கிகள் வெளிவந்திருந்தன. 1956-இல் தயாரிப்பு மீண்டும் தொடங்கியது. ஆனால் சேகரிப்பாளர்கள் தேடுவது போருக்கு முந்தைய ‘முதல் தலைமுறை’யைத்தான்.

மதிப்பீடு வரிசை எண்ணில் தொடங்குகிறது. சட்டகத்தின் அடியிலும், விசைக் காப்பிலும், பிடியின் பின்பட்டையிலும் ஒரே எண் இருக்க வேண்டும். 1898 அல்லது அதற்கு முன் செய்யப்பட்டதென எண் காட்டினால், அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி அது தொல்பொருள்; வாங்கி விற்கக் கெடுபிடி குறைவு, அதனால் விலையும் கூடுதல். கோல்ட் ஆவணக் காப்பகம் பழைய பேரேடுகளைப் பார்த்துக் கடிதம் தரும்: குழலின் நீளம், பூச்சு, எந்த நாளில் யாருக்கு அனுப்பப்பட்டது என்ற விவரங்கள் அதில் இருக்கும். கடிதத்தில் ஏழரை அங்குலம், கையில் இருப்பது ஐந்தரை என்றால் இடையில் யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

இதற்கும் விலக்கு உண்டு. 1890களின் நடுவில் ராணுவமே பழைய குதிரைப்படைத் துப்பாக்கிகளைத் திரும்பப் பெற்றுக் குழலை ஐந்தரை அங்குலமாக வெட்டியது. பிரித்த பாகங்களை எண் பார்த்துப் பூட்ட யாரும் மெனக்கெடவில்லை. ‘ஆர்ட்டிலரி’ எனப்படும் இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு எண்கள் பொருந்தாமல் இருப்பதே இயல்பு.

துப்பாக்கி யார் கையில் இருந்தது என்பது தனிக் கணக்கு. ஷெரீஃப் பேட் காரெட், தேடப்பட்ட குற்றவாளி பில்லி த கிட்டைச் சுட்ட கோல்ட் 2021-இல் 60 லட்சம் டாலருக்கும் மேல் ஏலம் போனது. அப்படிப்பட்ட வரலாறு இல்லாதவற்றுக்கு விலையைத் தீர்மானிப்பது தொழிற்சாலைப் பூச்சு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதே. சட்டகத்தை எலும்புக் கரியும் மரக்கரியும் நிரப்பிய பெட்டியில் வைத்துச் சூடாக்கித் தண்ணீரில் சட்டெனத் தள்ளுவார்கள். நீலமும் பழுப்பும் வைக்கோல் நிறமும் சுழிசுழியாக எஃகில் படியும். குழலுக்கும் உருளைக்கும் நீல மெருகு. புழங்கப் புழங்க சட்டகம் சாம்பலாகும், நீலம் பழுப்பாகும். அந்த மங்கலுக்குத்தான் மரியாதை.

அதை அழுக்கென்று நினைத்துப் பாலிஷ் சக்கரத்தில் கொடுத்தால் வந்தது வினை. கூரான விளிம்புகள் மழுங்கும், காப்புரிமைத் தேதிகள் தேயும், திருகுத் துளைகளின் வாய் குழிந்துவிடும். தேய்த்தெடுத்த உலோகத்தை எந்தப் பூச்சும் மீட்டுத் தராது. அதன்மேல் நிக்கலும் பூசிய துப்பாக்கி பளபளக்கும். ஆனால் பழைய பூச்சில் கால்பங்கு மட்டுமே மிஞ்சிய துப்பாக்கி அதைவிட நல்ல விலைக்குப் போகும்.

எனவே முழுப் புதுப்பிப்பு ஏற்கெனவே கெட்டுப்போனதற்கே பொருந்தும். அரிப்புக் குழிகளைப் பற்றவைத்து நிரப்பி, கையரத்தால் சமன் செய்து, மறுபடியும் கரிப்பெட்டியில் வைத்து நிறம் ஏற்றுவது நுட்பமான வேலை. அதற்கான கூலி பல நேரம் கூடும் விலையையே விழுங்கிவிடும். மற்றவற்றுக்கு எண்ணெயும் மென்மையான வெண்கல இழையும் போதும், உப்புத்தாள் கூடாது. உள்ளே இருக்கும் தகட்டு வில்கள் அடிக்கடி உடையும். அவற்றை மாற்றுவதில் தவறில்லை, உடைந்ததையும் பத்திரமாக வைத்து விற்கும்போது சேர்த்துக் கொடுத்தால் சரி. திருகின் பள்ளத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தும் திருப்புளி அவசியம். கடித்துக் குதறிய திருகுத் தலையைக் கண்டதுமே வாங்குபவர் பேரத்தைத் தொடங்கிவிடுவார்.

சுட்டுப் பார்க்கும் ஆசை வேறு சங்கதி. 1890களின் நடுப்பகுதி வரை வந்தவை கரும்பொடி என்னும் பழைய வெடிமருந்துக்கான சட்டகங்கள். உருளையின் அச்சைப் பிடிக்கும் திருகு சட்டகத்தின் முன்முகத்தில் இருப்பது அவற்றின் அடையாளம். புகையில்லாப் பொடியின் அழுத்தத்துக்கு அந்த எஃகு செய்யப்படவில்லை. பிற்காலத்தவற்றிலும் ஐந்து தோட்டாக்களை மட்டும் நிரப்பி, சுத்தியலைக் காலி அறையின் மேல் இறக்கி வைப்பதே வழக்கம். இல்லாவிட்டால் கீழே விழுந்தாலே வெடித்துவிடக்கூடும்.