பரம்பிக்குளத்து மர ரயில்

பரம்பிக்குளம் காட்டிலிருந்து சாலக்குடி வரை 1907 முதல் 1963 வரை ஒரு நீராவி ரயில் ஓடியது. தேக்கும் ஈட்டியும் சுமப்பதற்கென்றே கொச்சி சமஸ்தானம் போட்ட பாதை அது. நீளம் சுமார் 80 கிலோமீட்டர். தண்டவாள அகலம் ஒரு மீட்டர். எழும்பூரிலிருந்து செங்கல்பட்டு வழியாகத் தெற்கே போன பழைய தென்னிந்திய ரயில்வே பாதையின் அகலமும் இதுதான். பரம்பிக்குளம் பாலக்காடு மாவட்டத்தில் இருந்தாலும் இன்றும் அங்கே போகும் சாலை பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் என்று தமிழ்நாட்டுக்குள்தான் செல்கிறது.

மலை மேல் விளைந்த மரத்தைக் கீழே கொண்டுவருவதே ஆனைமலைக் காடுகளில் பெரும்பாடாக இருந்தது. வெட்டிய மரங்களைச் சரிவில் வழுக்கிவிட்ட இடம் என்பதால்தான் டாப்ஸ்லிப்புக்கு அந்தப் பெயர் வந்தது. கொச்சிப் பக்கத்துக் காட்டுக்கு அந்த வசதியும் இல்லை. 1902-ல் ஷொரணூர்–எர்ணாகுளம் ரயில் பாதை சாலக்குடி வழியாகத் திறக்கப்பட்டதும் நிலைமை மாறியது. சாலக்குடி வரை மரம் வந்துவிட்டால் போதும். கொச்சித் துறைமுகத்துக்குப் போய்விடும்.

ஆனால் இடையில் மலை நின்றது. சாதாரண இன்ஜின் ஏறமுடியாத செங்குத்தான சரிவுகளில் இன்ஜினே இல்லாத ஏற்பாடு ஒன்றைப் பொறியாளர்கள் செய்தார்கள். சரிவின் உச்சியில் பிரேக் பொருத்திய பெரிய உருளை. அதில் சுற்றிய இரும்புக் கம்பிவடம். அதன் இரு முனைகளிலும் வண்டிகள். மரம் ஏற்றிய வண்டி தன் எடையால் கீழே இறங்கும்போது, காலி வண்டி தானாக மேலே ஏறிவிடும். கிணற்றுச் சகடையில் ஒரு வாளி இறங்க மற்றொன்று ஏறுவதைப் போன்ற இந்த வேலையில், பிரேக்கைப் பிடித்திருப்பவரின் கவனம் ஒன்றே பாதுகாப்பு. வடம் அறுந்தாலோ பிரேக் நழுவினாலோ டன் கணக்கான தேக்கு கட்டுக்கடங்காமல் ஓடிவிடும். சரிவுகளுக்கு இடைப்பட்ட, ஓரளவு மட்டமான பகுதிகளில் மட்டும் நீராவி இன்ஜின்கள் இழுத்தன. அவை ஜெர்மனியின் ஓரன்ஸ்டைன் அண்ட் கோப்பல் நிறுவனத்தில் செய்யப்பட்டவை. தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் காடுகளுக்கும் சிறிய இன்ஜின் செய்து உலகெங்கும் அனுப்பிய நிறுவனம் அது. 

அமெரிக்காவில் இதே சிக்கலுக்கு வேறு விடை கிடைத்தது. மிச்சிகனில் மரத்தொழில் செய்த எஃப்ரைம் ஷே, 1881-ல் பல்சக்கர இன்ஜினுக்குக் காப்புரிமை பெற்றார். வழக்கமான இன்ஜினில் பிஸ்டனின் விசை நீண்ட கம்பிகள் வழியாகச் சில சக்கரங்களுக்கு மட்டும் போகும். ஷே இன்ஜினில் ஒரு பக்கவாட்டுத் தண்டு சுழன்று, பல்சக்கரங்கள் மூலம் எல்லா அச்சுகளையும் ஓட்டும். வேகம் மிகக் குறைவு. ஆனால் செங்குத்தான, மேடுபள்ளமான பாதையிலும் சக்கரம் வழுக்காமல் ஏறும். 1945 வரை 2,700-க்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன.

1963-ல் பரம்பிக்குளம் பாதை மூடப்பட்டது. அதே ஆண்டில்தான் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், மர ஆலை மூடிய காஸ் என்ற ஊரின் காட்டு ரயிலை மாநில அரசு வாங்கிச் சுற்றுலா ரயிலாக ஓட்டத் தொடங்கியது. 1905-ல் செய்த ஷே இன்ஜின் ஒன்று அங்கே தலைமுறைகளைத் தாண்டி ஓடுகிறது. இந்தியாவில் அப்போது பழைய இன்ஜினைக் காப்பது அரசின் கவலையாக இல்லை. டெல்லியில் தேசிய ரயில் அருங்காட்சியகம் திறக்கவே 1977 ஆயிற்று. பத்துப் பதினைந்து ஆண்டுகள் தாமதமாக மூடியிருந்தால் பரம்பிக்குளத்தின் கதை வேறாக இருந்திருக்கலாம்.

நீராவி இன்ஜினைக் காப்பதில் கடினமான பகுதி பாய்லர்தான். நெருப்பின் சூடான புகை நூற்றுக்கும் மேற்பட்ட குழாய்களின் வழியே பாய்ந்து, சுற்றியுள்ள தண்ணீரைக் கொதிக்க வைக்கிறது. தண்ணீரின் உப்பு படிந்து, உலோகம் உள்ளுக்குள் அரிக்கப்படுகிறது. வெளியே வண்ணம் பளபளத்தாலும் உள்ளே தகடு மெலிந்திருக்கும். அதனால் ஓட்டுவதற்கு முன் குழாய்களை மாற்றி, குளிர்ந்த தண்ணீரை வேலை அழுத்தத்துக்கும் மேலாக ஏற்றிச் சோதிப்பார்கள். வெறும் தண்ணீர் என்பதால், தகடு விரிசல் விட்டாலும் கசியுமே தவிர நீராவியைப் போல் வெடித்துச் சிதறாது.

இந்த வேலையைச் செய்யும் கைகள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. 1855-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்யப்பட்ட 'எக்ஸ்பிரஸ்' இன்ஜின் 1909-ல் ஓய்வு பெற்று, நூறாண்டுக் காலம் காட்சிப்பொருளாக நின்றது. பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் தொழிலாளர்கள் 2010-ல் அதைச் சீரமைத்து மீண்டும் ஓட வைத்தார்கள். திருச்சி பொன்மலைப் பணிமனை 2011 முதல் நீலகிரி மலை ரயிலுக்குப் புதிய நீராவி இன்ஜின்களையே செய்து தந்திருக்கிறது. மற்ற நாடுகள் பொறாமைப்பட வேண்டிய திறமை இது.

ஓடாத இன்ஜினுக்கும் பராமரிப்பு வேண்டும். புகைபோக்கியை மூடாவிட்டால் மழைநீர் உள்ளே தேங்கி அடித்தகட்டைத் தின்றுவிடும். சென்னை முதல் மாமல்லபுரம் வரையிலான கடற்கரைப் பகுதியில் உப்புக்காற்று இந்த அரிப்பை இன்னும் விரைவுபடுத்தும். திறந்தவெளி மேடையில் வண்ணம் பூசி நிறுத்துவது பாதுகாப்பு ஆகாது. கூரையும், ஆண்டுதோறும் எண்ணெய்ப் பூச்சும், உட்பகுதிச் சோதனையும் வேண்டும்.

பரம்பிக்குளத்தில் இன்று மிஞ்சியிருப்பவை பாதையின் தடங்கள்தான். 2010-ல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காட்டுக்குள் அங்கங்கே கிடக்கும் பாலங்களையும் தண்டவாளத் துண்டுகளையும் அளந்து, படமெடுத்து, வரைபடத்தில் குறித்து வைக்க மலையைத் தோண்டவும் வேண்டாம், பாதையைத் திரும்பப் போடவும் வேண்டாம்.