குதிரைக்கு அனுமதி கேட்ட சர்வாதிகாரி

ஏரை விட்டு வந்து, ஊரைக் காப்பாற்றி, 16-ஆம் நாள் பதவியை உதறிவிட்டு மறுபடியும் ஏர் பிடிக்கப் போன சின்சினாட்டஸோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். ரோமில் சர்வாதிகாரி என்பது நெருக்கடிக்கென்றே வைத்திருந்த பதவி, அதன் ஆயுள் அதிகபட்சம் ஆறு மாதம் என்பதும் உங்களுக்கு நினைவிருக்கும்.

இந்த வாரம் சுல்லா என்று சொல்லியிருந்தேன். ஆனால், புளூட்டார்க் எழுதிய ஃபேபியஸ் வரலாற்றைப் புரட்டும்போது கண்ணில் பட்ட ஒரு செய்தி என்னைப் பிடித்துக்கொண்டது. அதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை.

கி.மு. 217. ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி இத்தாலிக்குள் இறங்கிய எதிரித் தளபதி ஹன்னிபால், டிராசிமீன் ஏரிக்கரையில் ரோமானியப் படையை மடக்குகிறான். விடியற்காலை மூடுபனி. ஒரு பக்கம் குன்றுகள், மறுபக்கம் தண்ணீர். ஏறக்குறைய 15,000 பேர் மாண்டார்கள்; படை நடத்திய, ரோமின் இரு ஆட்சித் தலைவர்களில் ஒருவரான கான்சல் ஃபிளமினியஸும் பிழைக்கவில்லை. செய்தி ரோமுக்கு வந்ததும் ஓர் அதிகாரி கூட்டத்தின் முன் நின்று, பெரிய போரில் தோற்றுவிட்டோம் என்று ஒளிக்காமல் சொன்னார். பூசி மெழுகவில்லை. மக்களிடம் உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் அதிகாரம் கேட்க வேண்டும் என்ற எண்ணம் அந்த ஊரில் இருந்திருக்கிறது.

வழக்கப்படி சர்வாதிகாரியைக் கான்சல்தான் நியமிக்க வேண்டும். மிச்சமிருந்த கான்சலை எட்ட வழியில்லாததால் மக்களே கூடி ஃபேபியஸ் மேக்ஸிமஸைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு முறை கான்சலாக இருந்தவர், நிதானக்காரர், அப்பழுக்கற்றவர். அவர் வெளியே கிளம்பினால் முன்னால் 24 காவலர்கள் போவார்கள். ஒவ்வொருவர் தோளிலும் பிரம்புக் கட்டு, அதன் நடுவே கோடரி. கோடரி அழகுக்கு அல்ல. தலையை எடுக்கும் அதிகாரத்தின் அடையாளம். மிச்சமிருந்த அந்தக் கான்சல் செர்விலியஸ் பிறகு குதிரைப் படையோடு அவரைப் பார்க்க வந்தபோது, காவலர்களை விட்டுவிட்டுத் தனி ஆளாக வரும்படி சொல்லி அனுப்பினார் ஃபேபியஸ். கான்சலும் அப்படியே வந்தார். ஊரில் அவருக்கு மேலே ஆள் இல்லை.

இத்தனை அதிகாரமும் கைக்கு வந்தவுடன் அந்த மனிதர் செய்த முதல் காரியங்களில் ஒன்று, செனட்டுக்குப் போய், போர்க்களத்தில் நான் குதிரை ஏறிக்கொள்ளலாமா என்று அனுமதி கேட்டது!

சர்வாதிகாரி குதிரை ஏறக் கூடாது என்று ரோமில் ஒரு பழைய சட்டம் இருந்தது. ஏன் என்பதற்குப் புளூட்டார்க் இரண்டு காரணம் ஊகிக்கிறார். ரோமின் பலமே காலாட்படைதான்; தளபதி அதன் நடுவிலேயே நிற்க வேண்டும், அதை விட்டுப் போய்விடக் கூடாது என்பது ஒன்று. இன்னொன்றில்தான் என் மனம் நிற்கிறது. மற்ற எல்லாவற்றிலும் கொடுங்கோலனுக்குச் சமமான அதிகாரம் கொடுத்தாகிவிட்டது. ஒன்றிலாவது அவர் மக்களை எதிர்பார்த்து நிற்கட்டும் என்பதற்காக வைத்த சட்டமாம்.

தலையை வெட்ட அனுமதி வேண்டாம், குதிரை ஏற வேண்டும். இதை மூடத்தனம் என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. தலைவர் எவ்வளவு பெரியவர் என்று அளந்து பார்த்து அதற்கேற்ப அதிகாரம் கொடுப்பதுதான் எல்லாத் தேசத்திலும் நடக்கிறது. பெரியவர்தான், நல்லவர்தான், சரி. ஆனால் அவர் நம்மிடம் வந்து கேட்டே ஆக வேண்டிய ஒன்றாவது மிச்சம் இருக்கிறதா? இந்தத் தொடர் முழுக்க நான் கேட்டுக்கொண்டிருப்பது இதைத்தான். (1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் எச்சரித்ததும் இதையொட்டித்தான்: தேசத்துக்கு உழைத்த பெரியவர்களுக்கு நன்றி செலுத்தலாம், ஆனால் அந்த நன்றி எல்லை மீறி பக்தியானால் சர்வாதிகாரத்தில் கொண்டுபோய் விடும் என்றார். அந்த உரைக்குத் தனி அத்தியாயமே ஒதுக்கி வைத்திருக்கிறேன்.)

கஜானாவும் ஃபேபியஸின் கையில் இல்லை. இதற்கு ஒரு கதை. ஹன்னிபால் சுற்றுவட்டாரத்தையெல்லாம் கொளுத்தியபோது ஃபேபியஸின் நிலத்தை மட்டும் தொடாமல் விட்டான். இரண்டு பேருக்கும் உள்ளுக்குள் ஏதோ ஒப்பந்தம் என்று ரோமில் பேச வேண்டும். அதுதான் அவன் திட்டம். பேசவும் செய்தார்கள். அந்த நேரம் பார்த்து, கைதிகளை மீட்க ஹன்னிபாலுக்குக் கொடுக்க ஃபேபியஸ் ஒப்புக்கொண்ட பணத்தைத் தர செனட் இழுத்தடித்தது. 24 கோடரிக்காரர்களை அனுப்பி அவர் கஜானாவைத் திறக்கவில்லை. மகனை ரோமுக்கு அனுப்பி, எதிரி தொடாமல் விட்ட அதே நிலத்தை விற்கச் சொல்லி, அந்தப் பணத்தில் கைதிகளை மீட்டார்.

மக்கள் எப்போதும் சரியாக நடந்தார்கள் என்று சொல்ல வரவில்லை. நேருக்கு நேர் மோதாமல் ஹன்னிபாலைத் தொடர்ந்து போய்க் களைக்கவைப்பது ஃபேபியஸின் உத்தி. ஊருக்குப் பொறுமை இல்லை. அவருடைய துணைத் தளபதி மினூசியஸ் ஒரு சிறு சண்டையில் வென்றதை ஊதிப் பெரிதாக்கி, சர்வாதிகாரிக்குச் சமமான அதிகாரம் அவனுக்கும் உண்டு என்று தீர்மானம் போட்டார்கள். படை இரண்டாகப் பிரிந்தது. சில நாளிலேயே மினூசியஸ் ஹன்னிபால் வைத்த பொறியில் போய் விழுந்தான். ஃபேபியஸ் குன்றிலிருந்து இறங்கி வந்து காப்பாற்றினார். அன்றைக்கே மினூசியஸ் தன் படையோடு அவர் கூடாரத்துக்கு முன் போய், கொடிகளை ஊன்றி, அவரைத் தந்தையே என்று அழைத்து, கிடைத்த அதிகாரத்தைத் திருப்பிக் கொடுத்தான்.

ஆறு மாதம் முடிந்தது. ஃபேபியஸ் இறங்கினார். அடுத்த ஆண்டே கன்னேயில் ரோம் அதுவரை கண்டிராத அழிவைக் கண்டது.

அவரையே வைத்திருந்தால் கன்னே நடந்திருக்குமா? இந்தத் தொடருக்கு எதிராகக் கேட்கக்கூடிய கேள்விகளில் இதுதான் கனமானது. நடந்திருக்காது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் கன்னேக்குப் பிறகு ரோம் என்ன செய்தது? கி.மு. 215, 214, 209 என்று மூன்று முறை அவரைத் தேடிப் போய்க் கான்சலாக்கியது. ஒவ்வொரு முறையும் தேர்தல் வைத்து, ஒவ்வொரு முறையும் ஓராண்டுக்கு மிகாமல். பெரிய மனிதரின் திறமை வேண்டும் என்றால் மறுபடியும் கூப்பிடலாம். ஆயுளுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டு, தவறிவிட்டது என்று பிறகு எப்படித் திரும்ப வாங்குவது?

எழுதிக் கொடுத்த நாளும் வந்தது. கி.மு. 202-க்குப் பிறகு 120 ஆண்டுகள் சர்வாதிகாரியே இல்லாமல் ஓடிவிட்டன. கி.மு. 82-இல் உள்நாட்டுப் போரில் வென்று ரோமைக் கையில் வைத்திருந்த சுல்லாவுக்காக அந்தப் பதவியைத் தூசு தட்டி எடுத்தார்கள். அதற்கென்று ஒரு சட்டம். அதில் ஆறு மாதம் என்ற சொல் இல்லை. எந்த மாதமும் இல்லை. அதுவரை அவர் செய்ததெல்லாம் செல்லும் என்றும் எழுதினார்கள். ஃபோரத்தில், பேச்சு மேடைக்கு எதிரில், பொன் முலாம் பூசிய சிலை ஒன்றும் அவருக்கு வைத்தார்கள். குதிரை மேல் அமர்ந்த சுல்லா.

கடைசியில் சுல்லா தானாகவேதான் பதவியை விட்டு இறங்கினார். அதைக் காட்டி அவருக்காக வாதாடுபவர்கள் இன்றைக்கும் உண்டு. அவர்களுக்கான பதில், அதே ஃபோரத்தில் அவர் ஒட்டவைத்த பெயர்ப் பட்டியல்களில் இருக்கிறது. அடுத்த வாரம் அதை வாசிப்போம்.

(தொடரும்)