உங்களுக்குத் தெரியுமா? தபால்தலை அளவுப் படம், சுருங்காத கோப்பு!

நெய்வேலியில் ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்து என்.எல்.சி. தொழில் பழகுநர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள், பி.டி.எஃப். கோப்பு அனுப்ப வேண்டியிருந்தால் கவனிக்க. பி.டி.எஃப். பக்கத்தில் ஒரு படத்தைச் சேர்த்து, மூலையில் தபால்தலை அளவுக்குச் சுருக்கினாலும் கோப்பின் எடை பொதுவாகக் குறையாது. பக்கத்தில் மாறுவது படம் தெரியும் அளவு மட்டுமே. செல்போனில் எடுத்த 4,000 × 3,000 பிக்சல் படம் முழுசாக உள்ளேயே இருக்கும். 3.5 × 4.5 செ.மீ. பாஸ்போர்ட் படத்தைத் தெளிவாக அச்சிட 413 × 531 பிக்சல் தாராளம். ஆகவே, முதலில் படத்தைச் சுருக்குங்கள், பிறகு சேருங்கள்.

ஒரே முத்திரைப் படம் நூறு பக்கங்களில் வந்தாலும் கோப்பில் ஒரு பிரதி இருந்தால் போதும்; பக்கங்கள் அதையே சுட்டிக்கொள்ளும். 1993-இல் அடோபி வெளியிட்ட பி.டி.எஃப். வடிவம் 2008-இல் ஐ.எஸ்.ஓ. தரமானது. சிக்கனத்தைப் பொறுத்தவரை இது கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான்.

ஆனால் ஓர் ஆபத்தும் உண்டு. ஆதார் எண்ணை மறைக்க அதன்மேல் கறுப்புக் கட்டத்தை வைத்தால், எண் அடியில் அப்படியே கிடக்கும். கட்டத்தை நகர்த்தினால் தெரிந்துவிடும். முழுப் பக்கத்தையும் படமாக மாற்றிச் சேமித்தால் எண் போகும்.